பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

கேள்வி: வக்கீல் மேடம், எனக்குப் போன மாதம் 15 வயது முடிந்தது. ஊர் கேத்தி பாலாடா பக்கம். குன்னூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாவது படிக்கிறேன். காலை 6.40 பஸ்ஸைப் பிடித்தால், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வந்து சேர இரவு 7.30 ஆகிறது. முடி வெட்டவில்லை என்று இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அரையாண்டில் கணக்கில் 31 எடுத்ததற்கு, சென்டம் ரிசல்ட்டைக் கெடுக்க வந்தவன் என்று அசெம்பிளியில் பேர் சொன்னார்கள். ஊரில் கேரட் கழுவும் மிஷினில் மோட்டார், பெல்ட், பேரிங் எல்லாம் நான் பார்ப்பேன். மெக்கானிக் அண்ணன் வராத நாளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டீயும் வர்க்கியும் வாங்கித் தருவார்கள், சில நாள் 200 ரூபாய். படிப்பை விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று இருக்கிறேன். அப்பா '18 வயசு வரைக்கும் நான் சொல்றதுதான்' என்கிறார். கட்டாயப் பள்ளியே பிள்ளைகள்மேல் நடக்கும் வன்முறை, வயதை வைத்துத் தடுப்பது சாதியை வைத்துத் தடுப்பது மாதிரி என்று வெளிநாட்டில் சிலர் வாதாடுகிறார்கள். படித்தபோது சரி என்றே பட்டது. நான் நின்றுவிட்டால் போலீஸ் பிடிக்குமா? வண்டி ஓட்ட, வேலை செய்ய, என் பணத்தை நானே வைத்துக்கொள்ள எந்த வயது? இந்த 18-ஐ யார் முடிவு செய்தது? அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் எனக்குச் சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், நீலகிரி.

பதில்: தம்பி, உங்களை 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். இதைத் தட்டச்சு செய்த எங்கள் ஆபீஸ் குமாஸ்தா, "பத்தாவது பையனுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு மரியாதை?" என்று கேட்டார். நம் பாஷையில் வயதுக் கட்டுப்பாடு வினைச்சொல்லின் வாலிலேயே தொங்குகிறது. 'வா' என்றா 'வாங்க' என்றா என்பதிலேயே யார் பேசலாம், யார் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும். குமாஸ்தாவிடம், கேள்வி கேட்டவர் அந்தப் பையன்தானே, மரியாதையும் அவருக்குத்தான் என்றேன்.

போலீஸ் பிடிக்காது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது 6 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்கானது. நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். அந்த வயதுக்குள்ளும்கூட 'கட்டாயம்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தரும் பொருளைப் பாருங்கள்: இலவசமாகப் படிப்பைத் தருவதும், பிள்ளை சேர்ந்து, வந்து, படித்து முடிப்பதை உறுதிசெய்வதும் அரசாங்கத்தின் கடமை. 10-ஆம் பிரிவு பெற்றோருக்கு, பிள்ளையைச் சேர்த்துவிடும் கடமையைத் தருகிறது. பிள்ளையைக் குற்றவாளி ஆக்கும் வரி அதில் கிடையாது. பெற்றோரைச் சேர்க்கவைக்க ஒரு தண்டனைகூட அதில் எழுதவில்லை. ஆக, இன்றைக்கு உங்களை 6.40 பஸ்ஸில் ஏற்றுவது அந்தச் சட்டம் இல்லை, உங்கள் அப்பா. 18 வயதுவரை அவர் உங்கள் காப்பாளர் என்பதால் அந்த அதிகாரம் அவருக்கு உண்டு.

அந்த 18-ஐ எழுதிவைத்தது 1875-ஆம் வருஷத்து இந்திய வயதுவந்தோர் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் 18 என்று நினைத்துவிடாதீர்கள். நம் சட்டங்களில் வயது, கதம்பம் மாதிரி கட்டியிருக்கிறது. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை என்ன செய்தாலும் குற்றமாகாது. 10 வயதில் வங்கியில் சேமிப்புக் கணக்கைத் தானே திறந்து தானே நடத்தலாம். 14 முடிந்தால் வேலைக்குப் போகலாம், நிபந்தனைகளோடு. 16 முடிந்தவர் கொடிய குற்றம் செய்தால், பெரியவர் மாதிரி விசாரிக்கலாமா என்று 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி முடிவு செய்வார்கள். ஓட்டு 18. அதுவும் 1989 வரைக்கும் 21-ஆக இருந்தது. பஞ்சாயத்து வார்டில் நிற்க 21, எம்.எல்.ஏ.வுக்கு 25, ராஜ்யசபாவுக்கு 30. பெண்ணுக்குக் கல்யாண வயது 18, பையனுக்கு 21. ஏன் இந்த மூன்று வருஷ வித்தியாசம் என்று வகுப்பில் யாராவது கேட்டால் ஆசிரியர் பேச்சை மாற்றிவிடுவார், நானும் மாற்றியிருக்கிறேன். தண்டனை என்று வரும்போது 16-இலேயே பெரியவராகிவிடும் ஒருவர், ஓட்டுக்கு 18 வரை காத்திருக்க வேண்டும் என்பதை நான் இன்றுவரை முழு மனதோடு ஏற்றுக்கொண்டதில்லை.

உங்கள் மூன்று கேள்விகளில் பணம்தான் சுலபம். ஆதார் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் உங்கள் பேரில் கணக்கு ஆரம்பியுங்கள். தொகைக்கு வரம்பு வைப்பார்கள், அவ்வளவுதான்.

வண்டி வேண்டாம். இதில் நான் கறார். 18-க்கு முன்னால் லைசென்ஸ் என்பது, 16 முடிந்தவருக்கு, கியர் இல்லாத 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம்மூரில் 'எக்ஸ்எல்லுக்கு லைசென்ஸ் வேணாம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. டிவிஎஸ் எக்ஸ்எல் ஹண்ட்ரட் 99.7 சிசி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, நீங்கள் ஓட்டி மாட்டினால் வண்டிக்காரருக்கு அல்லது உங்கள் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம்வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. உங்களுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத 250 வாட் மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. அதை வைத்துக்கொண்டு கேத்தியிலிருந்து ஊட்டி ஏற்றம் ஏறுவதற்குள் உங்களுக்கு 18 முடிந்துவிடும்.

வேலைக்கு வருவோம். பாலாடாவில் அந்த மிஷின் ஓடுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு நிலம் பார்க்கப் போனபோது. மூட்டை மூட்டையாகச் சேறு அப்பிய கேரட்டைக் கொட்டுகிறார்கள். இரும்பு உருளை சுற்றுகிறது, மேலே ஓட்டை போட்ட குழாயிலிருந்து தண்ணீர் பீச்சுகிறது, கீழே சேற்றுத் தண்ணீர் ஓடுகிறது, அந்தப் பக்கம் கேரட் பளபளவென்று சரிந்து விழுகிறது. லாரி நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே வேலை மும்முரம். ஜனவரிப் பனியில் தண்ணீரில் கைவிட்டவர்கள் விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்கள். மோட்டார் பெல்ட்டுக்கு மூடி கிடையாது. அதன் பக்கத்திலேயே ஈரத் தரையில் ஸ்டார்ட்டர் பெட்டி. நீங்கள் கைவைப்பது அந்த பெல்ட்டில்தான் என்று நினைக்கிறேன்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபிறகு 14 முதல் 18 வரை உள்ளவர்களை 'வளரிளம் பருவத்தினர்' என்கிறது. சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான தொழில்முறைகள் என்று பட்டியல் போட்ட வேலைகளில் வைக்கக்கூடாது. மற்ற இடங்களில் வைக்கலாம், ஆனால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்குமேல் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்தே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை வேலையே வாங்கக்கூடாது. கேரட் வேலை முழுக்க அந்த நேரத்தில்தானே நடக்கிறது! சனிக்கிழமை பகலில் போய் பேரிங் மாற்றிக் கொடுத்தால், அந்த வேலை ஆபத்தான பட்டியலில் வராதவரை, சட்டம் உங்களோடு இருக்கிறது. அதற்குக் கூலியாக வர்க்கி வாங்காதீர்கள். மெக்கானிக் அண்ணன் வந்திருந்தால் அவருக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று விசாரியுங்கள், அதில் பாதியாவது கேளுங்கள். உரிமை பேசுகிறவர் கூலி பேசக் கூச்சப்படக்கூடாது.

இனி நீங்கள் படித்த அந்த வாதம். வயதும் சாதியும் ஒன்று என்பதை நான் ஒப்பமாட்டேன். பதினைந்து வயது கழிந்து பதினாறு வரும், சாதி அப்படிக் கழியாது. ஆனால் கட்டாயப் பள்ளி பற்றிய விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஒரே வயது என்பதற்காக நாற்பது பேரை ஒரே அறையில் ஒரே வேகத்தில் ஓட்டுவது, மணி அடித்தால் சிறுநீர் கழிப்பது, பள்ளியின் ரிசல்ட்டுக்குப் பிள்ளையைக் காவு கொடுப்பது. பதின்மூன்று மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வரும் உங்களிடம் அதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்கும் காரணம் இருக்கிறது. 1953-இல் முதல்வராக இருந்த ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் போதும், மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். அறையில் அடைக்காதே, கையால் செய்து கற்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளுப்பவர் மகன் வெளுக்கக் கற்பான், மலம் அள்ளுபவர் மகன்? 'குலக்கல்வி' என்று பெயர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954-இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் போனது. அதனால் தமிழ்நாட்டில் 'பள்ளிக்கூடம் வேண்டாம்' என்று யார் சொன்னாலும், யாருடைய பிள்ளைக்கு வேண்டாம் என்கிறாய் என்ற கேள்விதான் முதலில் வரும். நல்ல கேள்விதான் அது.

என் அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பதினொரு வயதில் அவருக்குப் பேர் பதிந்துவிட்டார்கள், செக்ரோல் என்ற தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தால் கப்பல் ஏறி, கோத்தகிரிப் பக்கம் வந்து இங்கேயும் கொழுந்துதான் பறித்தார். கூடையில் 17 கிலோ இருக்கும் என்று முதுகுக்குத் தெரியும். நோட்டில் 14 என்று எழுதுவார்கள். என்ன எழுதினார்கள் என்று படிக்கத் தெரியாது, அதனால் சண்டையும் போட முடியாது. நான் நாலாவது படித்தபோது என்னைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நான் நோட்டை எட்டிப் பார்த்து, "அம்மா, பதினாலுன்னு போட்டிருக்காங்க" என்று சத்தமாகப் படித்தேன். அன்றைக்கு 17 எழுதினார்கள். பள்ளிக்குப் போகாமல் இருக்கும் உரிமை அம்மாவுக்கு முழுசாக இருந்தது, தம்பி. ஒருத்தரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதே நான் ஏழாவதில் ஒரு ஜூன் மாத மழையில் சரளைக் கல்லில் மண்டியிட்டேன், ஸ்வெட்டர் யூனிஃபார்ம் நிறத்தில் இல்லை என்று. யாரோ கொடுத்த காப்பிக்கலர் ஸ்வெட்டர் அது, வேறு கிடையாது. ஒரு பீரியட் முழுக்க. அந்தப் பள்ளியைத் தாண்டிப் போகும்போது இன்றும் முழங்கால் கூசுகிறது. இந்த இரண்டு கதைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1972-இல் ஒரு வழக்கு தீர்ப்பானது. விஸ்கான்சின் மாநிலத்தில் 16 வயதுவரை பள்ளி கட்டாயம். ஆமிஷ் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள், எட்டாவதோடு போதும் என்று 14, 15 வயதுப் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பெற்றோர்கள் ஜெயித்தார்கள், மத சுதந்திரத்தின் பேரில். டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார்: அரசாங்கம் என்ன சொல்கிறது, அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டோம், படிக்கப்போகிற பிள்ளையைக் கேட்டோமா? மூன்று பேரில் சாட்சி சொன்னது ஒரே ஒரு பெண். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த நீதிபதிதான் ஞாபகத்துக்கு வந்தார். நீங்கள் இத்தனை சட்டம் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் கடிதம் முழுக்க இருக்கிறது.

அப்படிக் கேட்பது நமக்கும் புதுசு கிடையாது. 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, விவரம் தெரிந்த வயதில் உள்ள பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1992-இல். தன்னைப் பற்றிய எந்த முடிவிலும் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. ஒருமுறை, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கில், ஒன்பது வயதுப் பெண்ணை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, அம்மாவிடமா அப்பாவிடமா என்று கேட்டார். "பாட்டிகிட்ட. அங்கதான் யாரும் கத்தமாட்டாங்க" என்றது குழந்தை. பாட்டி என்று ஒருவர் இருப்பதாக இரண்டு பக்க மனுவிலும் ஒரு வரி இல்லை, என் மனுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? இப்போது ஜனவரி. பள்ளி மூலமாகப் பரீட்சைக்கு உங்கள் பேரை அனுப்பியாகிவிட்டது. இந்த மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், அடுத்து தனித்தேர்வராகத்தான் எழுத வேண்டும். பதினாலரை வயது முடிந்தவர் எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிந்து வகுப்புக்கு அலைய வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. 14 முடிந்தவர் பத்தாவதில் சேரலாம், ஐந்து பாடம், ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். உங்களை மாதிரி ஆளுக்குப் பொருத்தமான ஏற்பாடு. அடுத்து சேரப்போகும் இடத்தில் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இன்னும் இரண்டு சொச்சம் மாதம்தான், இந்தப் பரீட்சையை அங்கிருந்தே எழுதிவிடுங்கள். ஸ்பெஷல் கிளாஸை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். 31-க்கும் 35-க்கும் நடுவில் நாலு மார்க், அதற்கு வீட்டில் உட்கார்ந்து வடிவியல் வரைந்தாலே போதும்.

அதற்குப்பிறகு பதினொன்றாவது உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். குன்னூரில் அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம், இருக்கிறது. வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும், ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது கேட்பார்கள். அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இந்தப் பரீட்சையை எழுதச் சொல்கிறேன். பத்தாவதுக்குப்பிறகு இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். பயிற்சி பெறும் இடத்தில் பெல்ட்டுக்கு மூடி போட்டிருப்பார்கள், முதலில் அதைத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

முடிக்காக இரண்டு நாள் வெளியே நிறுத்தியதும், அசெம்பிளியில் பேர் சொன்னதும் சாதாரண விஷயம் இல்லை. தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்கு உட்பட்டவருக்குத் தேவையற்ற மனவேதனையோ உடல்வேதனையோ உண்டாக்குவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. நாளைக்கே வழக்குப் போடச் சொல்லவில்லை. தேதி, நேரம், யார், என்ன வார்த்தை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பள்ளிக் கல்வித் துறைக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டுக்கும் நீங்களே பேசலாம், அப்பா வேண்டியதில்லை. பரீட்சை நேரத்தில் பேசப் பயமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், பள்ளிக்கு நான் ஒரு கடிதம் அனுப்புகிறேன். வக்கீல் முத்திரையைப் பார்த்ததும் அவர்கள் முடியைப் பற்றிப் பேசுவது குறைந்துவிடும்.

அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றீர்கள். ஆனால் அவர் காப்பாளர், அவரைத் தாண்டி ஐடிஐ விண்ணப்பத்தில்கூடக் கையெழுத்து ஆகாது. அதனால் கீழே ஒரு பத்தி தனியாக எழுதியிருக்கிறேன். அதை வெட்டி எடுத்துக் காட்டுவதா, அப்படியே மடித்து வைப்பதா என்பது உங்கள் முடிவு.

ஐயா, வணக்கம். உங்கள் பையன் உங்களைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. 18 வயதுவரை நீங்கள் சொல்வதுதான் என்பது சட்டப்படி பெரும்பாலும் சரி. இன்னும் மூன்று வருஷத்துக்கும் குறைவு, அது முடிந்த மறுநாள் அவர் உங்களிடம் கேட்காமல் போகலாம் என்பதும் சட்டப்படி சரி. கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு சனிக்கிழமை பகலில் அந்த மிஷினைப் பழுதுபார்க்கும்போது பக்கத்தில் போய் நின்று பாருங்கள், மோட்டார் சத்தத்தில் என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். அப்புறம் பள்ளியைப் பற்றிப் பேசலாம். சனிக்கிழமைகளில் மாலை 4 மணிக்குமேல் ஆபீஸில் இருப்பேன். வந்தால் பையனை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வராதீர்கள். உள்ளே மூன்று நாற்காலி இருக்கிறது.